பாபின் சுற்றும் அரசிலைத் தகடு

பழைய தையல் மிஷினில் தையல் கோணினால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது மேல்நூலின் டென்ஷன் திருகில்தான். பல நேரம் கோளாறு பாபினில் நூல் சுற்றிய விதத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சிங்கர் 27, 28 மாடல்களை வடிவமைத்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, அவற்றின் நூல் சுற்றும் கருவியே சாட்சி. இவற்றில் வட்டப் பாபின் கிடையாது. கூர்முனை ஷட்டிலுக்குள் படுத்திருக்கும் நீண்ட, மெல்லிய பாபின். கை வீலின் நடுத்திருகைத் தளர்த்தினால் ஊசி நின்றுவிடும், வீல் மட்டும் சுழலும். கருவியின் ரப்பர் வளையம் வீலில் அழுந்தி உருள, பாபின் விர்ரென்று சுற்றும். பாபினைச் சுழற்றும் அச்சிலுள்ள திருகுப்பல் ஒரு பல்சக்கரத்தை மெல்லத் திருப்பும். அதோடு சுழல்கிறது அரசிலை வடிவத் தகடு ஒன்று. நூலைத் தாங்கும் கை அதன் விளிம்பைத் தொட்டபடி இடமும் வலமுமாகப் போய்வருகிறது.

மையம் விலகிய ஒரு வட்டத்தட்டு இருந்தாலும் கை போய்வரும்தானே, இந்த வடிவம் எதற்கு? வட்டத்தட்டு கையை நடுவில் வேகமாகத் தள்ளும், இரு முனைகளிலும் தயங்கவைக்கும். தயங்கும் இடத்தில் நூல் குவியும். பாபினின் இரு ஓரமும் புடைத்து, ஷட்டிலின் உட்சுவரில் உரசும். அரசிலைத் தகட்டின் விளிம்போ, திரும்பும் கோணத்துக்கு ஏற்ப மையத்திலிருந்து சீராக விலகிச் சென்று, அதே சீரில் திரும்பி வருகிறது. கையின் வேகம் எங்கும் ஒன்றே. நூல் எங்கும் ஒரே கனத்தில் படிகிறது. ஒரு சிறு இரும்புத் தகட்டில் இவ்வளவு கணக்கு அடங்கியிருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

ஷட்டிலில் இழுவையைக் கட்டுப்படுத்தத் தனி ஸ்பிரிங் இருக்கும்போது சுற்றலைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். ஸ்பிரிங்கால் இழுவையைக் கூட்டத்தான் முடியும்; உள்ளே உரசலால் ஏறிய இழுவையைக் கழிக்க முடியாது. அது ஏறி இறங்கும்போது அடிநூல் ஒரு தையலில் இறுகும், அடுத்ததில் தொங்கும். பின்னால் பரவலான வட்டப் பாபின்களுக்கு இந்தத் தகடு இல்லையே என்பதும் நியாயமான கேள்வி. அந்தப் பாபினின் அகலம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான், இருபுறமும் உயர்ந்த சுவர் உண்டு. நூல் தானே பரவிக்கொள்கிறது. அங்கும் சிறு டென்ஷன் தட்டுகளின் வழியே நூலைச் செலுத்தாமல் சுற்றினால், தளர்ந்த சுருள்களுக்குள் மேலடுக்கின் நூல் புதைந்து சிக்கும். விரலால் பிடித்துச் சுற்றுவோரும் உண்டு. ஆனால் விரலின் அழுத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் நிற்பது கடினம். பழைய மிஷினில் சுற்றல் விட்டுவிட்டு வந்தால், முதலில் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். காய்ந்து இறுகிய வளையம் வீலில் வழுக்கும். புது வளையம் மாட்டி, திருகுப்பல்லுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டாலே பல கருவிகள் மீண்டும் ஒழுங்காகச் சுற்றும்.