லைசென்ஸ் வேறு, வேலை வேறு: பைலட் கனவுக்கு முன் ஒரு கணக்கு

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை பைலட் ஆக வேண்டும் என்றால், பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் ஏரோநாட்டிகல் சீட் விசாரிக்கக் கிளம்பும் பெற்றோர் இன்றும் உண்டு. அந்தப் படிப்பு விமானத்தை வடிவமைக்கக் கற்றுத்தரும், ஓட்ட அல்ல. விமானி ஆகப் பட்டமே தேவையில்லை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், உடல் தகுதி வேண்டும். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். பிறகு தேர்வுகளும் 200 மணி நேரப் பறத்தலும் முடித்தால், டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமத்தைத் தரும்.

தலைவலி அதற்குப் பிறகுதான்.

அடுத்த 15, 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவைப்படுவார்கள் என்று மத்திய அமைச்சர் ராம் மோகன் நாயுடு 2025-இல் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது தொலைநோக்குக் கணக்கு. உங்கள் பிள்ளை லைசென்ஸ் வாங்கும் ஆண்டின் கணக்கு அல்ல. டிஜிசிஏ 2021-இல் 862 சிபிஎல் வழங்கியது, 2023-இல் 1,622. இரண்டே ஆண்டில் வரிசை ஏறக்குறைய இருமடங்கு நீண்டுவிட்டது. விமானிப் பஞ்சம் என்று செய்தி வரும்போதெல்லாம் அரசு நாடாளுமன்றத்தில் சொல்லும் பதிலையும் கவனியுங்கள்: பற்றாக்குறை, சில வகை விமானங்களின் கமாண்டர்கள் எனப்படும் தலைமை விமானிகளுக்குத்தான். கமாண்டர் ஆவதற்கான ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி நேர அனுபவம் வேண்டும். புதிதாக வருபவர் கையில் இருப்பது 200. இடையில் கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தியபோது, அனுபவசாலிகளும் வேலை தேடி இதே சந்தைக்குத்தான் வந்தார்கள்.

விமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது காகிதங்களை. சிபிஎல், மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், ரேடியோவில் பேசுவதற்கான ஆர்டிஆர், ஆங்கிலப் புலமைச் சான்று, முதல் வகுப்பு மருத்துவச் சான்று எல்லாம் இருக்க வேண்டும். காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் கையைக் கடிப்பது இதுதான். வேலை வராவிட்டாலும் புதுப்பிக்கும் செலவு நிற்காது.

பறந்த நேரத்தைப் பதிவு செய்யும் லாக்புக்கைத் துருவிப் பார்ப்பார்கள். தேதி, விமானத்தின் பதிவு எண், எங்கிருந்து எங்கே, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு வரியும் பயிற்சி மையத்தின் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்துச் சிலர் உரிமம் வாங்கிய விவகாரம் 2011-இல் வெடித்துக் கைதுவரை போனது. லாக்புக்கும் அப்படித்தான்: கூடுதலாக எழுதப்பட்ட பத்து மணி நேரம் பிற்பாடு ஒரு தொழில் வாழ்க்கையையே முடித்துவிடலாம்.

அடுத்து எழுத்துத் தேர்வு: வானிலை, நேவிகேஷன், விதிமுறைகள், தொழில்நுட்பம். டிஜிசிஏ தேர்வுக்குக் கேள்வி வங்கியை உருப்போட்டுத் தேறியவர்கள் பலர் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகு கணினியில் திறனறிச் சோதனை. ஒரு கையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துத் திரையில் நழுவும் புள்ளியைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே நேரம் கணக்குக்கும் விடை சொல்ல வேண்டும். கணக்குப் புலி என்பதால் மட்டும் இதில் தேறிவிட முடியாது. இரண்டு வேலை ஒன்றாக வரும்போது எதை முதலில் கவனிக்கிறார், பதற்றத்தில் எதைக் கைவிடுகிறார் என்பதே அங்கே அளக்கப்படுகிறது. குழு விவாதம், நேர்காணல் ஆகியவற்றோடு பல நிறுவனங்கள் சிமுலேட்டரிலும் உட்கார வைக்கின்றன. உயரம் கொஞ்சம் தவறுவது பெரிய குற்றமில்லை. சொல்லித் திருத்திய தவறை மறுபடி செய்வதுதான் குற்றம்.

தேர்வானபின் டைப் ரேட்டிங், அதாவது ஏ320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான பயிற்சி. வேலை உத்தரவு வருமுன்பே கைக்காசைப் போட்டு இதை முடித்து வைத்துக்கொள்வது, என் பார்வையில், சூதாட்டம். ஏ320-க்குப் பல லட்சம் செலவழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, அழைப்பு வருவது ஏடிஆர் என்ற வேறு ரக விமானத்துக்காக இருக்கலாம்.

இன்னொரு வழி கேடட் திட்டம். இண்டிகோ, ஏர் இந்தியா போன்றவை முதலில் தேர்வு வைத்து ஆளைப் பொறுக்கி, பிறகு தாங்கள் சொல்லும் பள்ளியில் படிக்க வைக்கின்றன. செலவு ஒரு கோடி ரூபாயை ஒட்டியோ தாண்டியோ போகும். அவர்கள் தரும் கடிதத்தில் நிபந்தனைகள் உண்டு; கையெழுத்துக்கு முன் வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்க இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. 2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாகப் பயிற்சி மையங்களைத் தரவரிசைப்படுத்தியது. அந்தப் பட்டியலில் ஏ பிளஸ், ஏ என்ற மேல் இரண்டு தரங்களில் ஒரு மையம்கூட இடம்பெறவில்லை. அமேதி மாவட்டத்தில் உள்ள அரசின் இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமியில் நுழைவுத் தேர்வு வழியாகவே சேர்க்கை. ஏஜென்ட் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும், டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலை நீங்களே பாருங்கள். எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் இருக்கின்றன, 200 மணி நேரம் முடிக்க முந்தைய மாணவர்களுக்கு எத்தனை மாதம் பிடித்தது என்று அங்கே படிப்பவர்களையே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை. கண்ணாடி போட்டவர் விமானி ஆக முடியாது என்பது பழைய கதை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப் பார்வைதான் பலரைக் கவிழ்ப்பது. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை வாசிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டையில், தன் குறையை அன்றுதான் முதன்முதலாக அறியும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் வகுப்புச் சான்றோடு நிறுத்திவிடாமல், முதல் வகுப்புச் சான்றையும் பெற்ற பிறகே பயிற்சிக் கட்டணம் கட்டுங்கள். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகப் பிணை கேட்கும். அந்தச் சான்று கைக்கு வரும்வரை வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.