மலிவான பால்மாவா, பெயர்பெற்ற பால்மாவா?

1990இலும் பின்னர் 2006இலும் திருகோணமலை மாவட்டத்தின் விவசாயக் குடும்பங்கள் பல, வயலையும் மாட்டுப்பட்டியையும் விட்டு இடம்பெயர்ந்தன. பட்டி இருந்த வீட்டில் பால் விலைப்பொருள் அல்ல. இன்று கப்பல்துறையில் கூலிக்காசோடு கடைக்குப் போகும் தாய்க்கு அது பெரிய செலவு. தட்டில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று எல்லோரும் அறிந்த பெயர், விலை கூட. மற்றது அறியாத பெயர், விலை குறைவு. மலிவானதை எடுத்தால் பிள்ளைக்குக் கேடு வருமோ என்று மனம் அஞ்சுகிறது.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் பால் வேண்டும். அதற்கு 80 கிராம் அளவில் மா செல்லும். 400 கிராம் பெட்டி ஐந்து நாளில் முடிந்துவிடும். மாதத்துக்கு ஆறு பெட்டி! பிள்ளை வளர வளர இது கூடும். வாங்கத் தொடங்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாய்ப்பாலுக்கு இச்செலவு இல்லை. பயத்தாலும் அலைச்சலாலும் பால் சுரப்பது சில நாள் தடைப்படலாம், ஆனால் வற்றிப்போவதில்லை. பிள்ளை அடிக்கடி உறிஞ்ச உறிஞ்சப் பால் ஊறும். நிறுத்திய தாய்மார் கூட மீண்டும் கொடுக்க முடியும். குடும்பநல உத்தியோகத்தர் இதற்கு உதவுவார்.

எனினும் தாயை இழந்த பிள்ளைகளும், தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பால்மா தேவைதான்.

விலை கூடினால் தரமும் கூடுமா?

குழந்தைப் பால்மாவுக்கு 1981 முதல் சர்வதேச உணவுத் தரநிர்ணயம் உண்டு. பசுப்பாலில் செய்யும் பால்மாவில் 100 கிலோகலோரிக்குப் புரதம் 1.8 முதல் 3 கிராம் வரை இருக்க வேண்டும். கொழுப்பு, இரும்பு, விற்றமின்கள் ஆகியவற்றுக்கும் இவ்வாறே அளவுகள் உள்ளன. அமெரிக்காவில் பெரிய கடைகள் தம் சொந்தப் பெயரில் மலிவான குழந்தைப் பால்மா விற்கின்றன. அவையும் பெயர்பெற்றவையும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. அச்சட்டம் 1980இல் வந்தது. அதற்குச் சற்று முன்னர், குளோரைட்டு குறைந்த பால்மாவைக் குடித்த குழந்தைகள் நோயுற்றதே அதற்குக் காரணம்.

பெயர் மட்டும் காவலாகாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமின் என்ற இரசாயனம் கலக்கப்பட்டதால் 6 குழந்தைகள் இறந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அகப்பட்டவற்றில் அந்நாட்டின் பெயர்பெற்ற கம்பனியும் இருந்தது.

ஆகவே விதிப்படி விற்கப்படும் குழந்தைப் பால்மாக்களில் மலிவானதை எடுப்பது தவறல்ல. கூடுதல் விலையில் ஒரு பங்கு பெயருக்கும் விளம்பரத்துக்குமே போகிறது.

பெட்டியில் பார்க்க வேண்டியவை

1. பிறந்தது முதல் 6 மாதம் வரையான குழந்தைக்கு உரியது என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் தேநீருக்குப் போடும் முழு ஆடைப் பால்மா அந்த வயதுப் பிள்ளைக்கு ஆகாது. கொண்டன்ஸ்ட் பாலும் ஆகாது.

2. காலாவதித் திகதி கடந்திருக்கக் கூடாது. உடைந்த பெட்டியையும், சில்லறையாக நிறுத்துக் கட்டிய மாவையும் வாங்க வேண்டாம்.

3. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள அளவுக் கரண்டி வேறுபடும். வகையை மாற்றினால் புதிய பெட்டியின் கரண்டியையே பாவியுங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

நாள் நீட்ட வேண்டுமென்று நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போடுவதே பெரிய ஆபத்து. பிள்ளையின் வயிறு நிறையும், உடல் தேறாது. விலை கூடிய மாவைத் தண்ணீராக்கிக் கொடுப்பதிலும் மலிவான மாவைச் சரியான அளவில் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அடுத்த ஆபத்து தண்ணீர். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் பூமியதிர்ச்சிக்குப் பின் பால்மா இலவசமாக வழங்கப்பட்டது. அதைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம், பெறாதவர்களைப் போல் இரு மடங்காக இருந்தது. மா கலக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரை மணித்தியாலத்துக்குள், நல்ல சூடாக இருக்கும்போதே கலக்குங்கள். மாவிலும் கிருமி இருக்கலாம்; அந்தச் சூடு அதைக் கொல்லும். பின் ஆறவிட்டுக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்த பாலை ஊற்றிவிடுங்கள். போத்தலும் சூப்பியும் கழுவக் கடினமானவை. சிறிய கோப்பையால் பருக்குவது நல்லது.

6 மாதம் கடந்த பின்

2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின்படி, தாய்ப்பால் இல்லாத பிள்ளைக்கு 6 மாதத்துக்குப் பின் பசுப்பாலும் கொடுக்கலாம். காய்ச்சியே கொடுக்க வேண்டும். பாலில் இரும்புச்சத்துக் குறைவு என்பதால் முட்டை, மீன், பருப்பு, கீரை ஆகியவற்றை மசித்துச் சேர்க்க வேண்டும். ஒரு வயதுக்குப் பின் இலக்கமிட்டு விற்கும் விலை கூடிய பால்மாக்கள் தேவையில்லை என்றும் அது கூறுகிறது. பக்கத்தில் ஒரு பசு வளர்ப்பவர் இருந்தால் அது நமக்கு நல்ல செய்தி.

வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மாதந்தோறும் கிளினிக்கில் நிறை பாருங்கள். நீங்கள் தெரிந்தெடுத்தது சரியா என்று சொல்வது பெட்டியின் பெயரல்ல, பிள்ளையின் நிறைக்கோடுதான்.