கையிலா, டிவியிலா? உங்கள் ஓய்வு நேரத்துக்கு ஏற்ற கேம் கருவி எது

ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்: கல்லூரிக் காலத்தில் விடிய விடிய டிவி முன் உட்கார்ந்து கேம் ஆடியவர். வேலை, கல்யாணம், குழந்தை என்று ஆன பிறகு அவருடைய கன்சோலில் தூசி படிகிறது. ஆர்வம் போய்விட்டதாக அவரே நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவரிடம் இல்லாமல் போனவை இரண்டு: தொடர்ச்சியாகக் கிடைக்கும் இரண்டு மணி நேரம், வேறு யாரும் கேட்காத டிவி. கருவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவையும் இவைதான்.

பேட்டரி போடும் கணக்கு

நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் 1989-இல் வந்தபோது அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த சேகா கேம் கியரில் இரண்டும் இருந்தன. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. விலையும் குறைவு, டெட்ரிஸும் கூடவே வந்தது. விற்பனையில் கேம் பாய்தான் வென்றது.

படம் மேம்பட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்ற அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. பிளேஸ்டேஷன் 5 பெரிய கேம்களை ஓட்டும்போது சுமார் 200 வாட் மின்சாரம் எடுக்கும். 2022-இல் வந்த கையடக்கக் கருவியான முதல் ஸ்டீம் டெக்கின் பேட்டரி 40 வாட்-மணி. கனமான கேமில் அதன் சிப்பும் திரையும் சேர்ந்து 20 வாட்டுக்கு மேல் இழுத்தால், இரண்டு மணி நேரத்துக்குள் சார்ஜ் காலி. எளிய கேம் என்றால் ஆறேழு மணி நேரம்கூட வரும். கையில் பிடிக்கும் பொருள் அதிகம் சூடாகவும் கூடாது. அதனால் காட்சித் துல்லியத்தில் கையடக்கக் கருவி வீட்டுக் கன்சோலை எட்டுவது கடினம்.

பாதியில் எழுந்து போகலாமா?

கையடக்கக் கருவியின் பெரிய பலம் இதுதான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது குழந்தை அழுகிறதா? பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் கேம் அப்படியே உறங்கிவிடும். இரவு பத்து மணிக்கு மீண்டும் அழுத்தினால் விட்ட நொடியிலிருந்தே தொடரலாம். வீட்டுக் கன்சோல்களிலும் இந்த வசதி உண்டு; ஆனால் டிவி காலியாக இருக்க வேண்டும். ஆன்லைன் போட்டிகளுக்கு மட்டும் இது உதவாது. கருவி உறங்கினால் இணைப்பு அறுந்துவிடும்.

இரண்டும் ஒன்றில்

2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், கையிலும் ஆடலாம், டாக்கில் செருகி டிவியிலும் ஆடலாம் என்று வழி திறந்தது. டாக்கின் வேலை மின்சாரம் கொடுப்பதும் படத்தை டிவிக்கு அனுப்புவதும்தான். மின்சாரம் தாராளமாகக் கிடைப்பதால் கருவியே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. கையில் 720பி-யாக இருக்கும் படம், டிவியில் 1080பி வரை போகும்.

பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்க முடியாது. பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற கையடக்கக் கருவியில் கேம் ஆட வைஃபை கட்டாயம். ரயில் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

எந்தக் கட்டத்தில் எது?

விடுதி அறையிலோ அடிக்கடி ஊர் மாறும் வேலையிலோ இருப்பவருக்குக் கையடக்கக் கருவியே பொருத்தம். கைக்குழந்தை உள்ள வீட்டிலும் அதுதான் கைகொடுக்கும். பிள்ளைகள் ஆறேழு வயதைத் தொட்டதும் நிலைமை மாறும். நாலு பேர் சேர்ந்து மரியோ கார்ட் ஓட்ட டிவிதான் வசதி. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவருக்குச் சின்னத் திரையின் எழுத்துகள் சிரமம் தரும். குனிந்தே ஆடினால் கழுத்தும் வலிக்கும். அவரும் டிவிப் பக்கம் திரும்புவது நல்லது.

பணம் போடும் முன்

ஒரு வாரம் உங்களைக் கவனியுங்கள். ஓய்வு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று குறித்து வையுங்கள். அரை மணித் துண்டுகளே அதிகம் என்றால் கையடக்கம். வார இறுதியில் நீண்ட நேரம் கிடைக்கிறது என்றால் கன்சோல்.

கேம்களை வாங்கும் முறையையும் யோசியுங்கள். டிஸ்க்காக வாங்கினால் பிறகு விற்கலாம். ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிய கேம்கள் கணினியிலும் டெக்கிலும் ஒரே கணக்கில் இருக்கும். வாழ்க்கை மாறி நீங்கள் கருவியை மாற்றினாலும் அந்தக் கேம்கள் வீணாகாது.