நான்கு பொத்தான்களும் ஒரு பென் டிரைவும்

பச்சையும் வெள்ளையும் கலந்த உடல். மூடியின் இருபுறத்தும் முயற்காதுகளைப் போல் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கொம்புகள். தூக்கிச் செல்வதற்கென்றே அமைந்த கைபிடி ஒன்று. முதன்முறை காண்போர் இதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருளென்றே எண்ணுவர். ஆயினும் இது முழுமையானதொரு கணினி. லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளால் இயங்குவது. எக்ஸ்.ஓ-1 என்பது இதன் பெயர். இதனை உலகத்துக்கு அளித்தவர்கள் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்ற இயக்கத்தினர். இந்தச் சிறு யந்திரம் நோயுற்றுப் படுத்துவிட்டால், கடைக்காரரை நாடாமல் ஒரு பென் டிரைவைக் கொண்டே அதனை எழுப்புவது எவ்வாறு என்பதையும், அவ்வாறு எழுப்பும்போது எதனை இழக்க நேரும் என்பதையும் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில் இதன் பிறப்பைச் சிறிது கூறிவிடுவோம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரொபொன்ட் என்பார், 2005ஆம் ஆண்டு ஜனவரியில் டாவோஸ் மாநாட்டிலே நூறு டொலர் மடிக்கணினி என்ற எண்ணத்தை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் தூனிஸ் நகரிலே, அப்பொழுது ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகமாயிருந்த கொபி அனான் அவர்களோடு மேடையேறி, அதன் மாதிரியை உலகுக்குக் காட்டினார். மின்சாரம் பிறப்பிக்கவென்று அதிலே பொருத்தியிருந்த மஞ்சள் நிறக் கைச்சுழற்றி மேடையிலேயே கழன்று போயிற்று என்பர். பின்னர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த யந்திரத்தில் அக்கைச்சுழற்றி இடம்பெறவில்லை. நூறு டொலர் விலையும் இடம்பெறவில்லை என்பதைக் கூறித்தான் ஆகவேண்டும். விலை ஏறக்குறைய 200 டொலராயிற்று. 2007ஆம் ஆண்டு நவம்பரில் தாய்வான் நாட்டுக் குவாண்டா நிறுவனம் பெருந்தொகை உற்பத்தியை ஆரம்பித்தது. உருகுவே நாடு 2009ஆம் ஆண்டுக்குள் தன் அரசாங்க ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒவ்வொன்று வழங்கி முடித்தது. பெரு நாட்டிலே அந்தீஸ் மலைக் கிராமங்கள் வரை இது சென்றது. 2009ஆம் ஆண்டளவில் இலங்கையிலும் சில ஆரம்பப் பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக வழங்கப்பட்டது.

இவ்வளவு பெரிய முயற்சியின் பலன் யாது என்று வினவினால், விடை இனிப்பும் கசப்பும் கலந்ததே. பெரு நாட்டுக் கிராமப் பாடசாலைகளில் நடைபெற்ற ஆய்வு ஒன்றின் முடிவை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்டது. கணிதத்திலும் மொழியிலும் மாணவரின் புள்ளிகள் இந்த யந்திரத்தால் உயர்ந்ததாகத் தெரியவில்லை என்பதே அம்முடிவு. யந்திரத்தைக் கையிற் கொடுத்துவிட்டால் கல்வி தானே வந்தடையும் என்ற நம்பிக்கையை நாமும் ஏற்பதற்கில்லை. ஆனால் பயன்படும் யந்திரத்தையும் பயன்படாத யந்திரத்தையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் மிகச் சிறியதோர் இடத்திலேயே விழுகின்றது. இயங்காது நின்றுபோன கணினியை எழுப்பத் தெரிந்தவர் ஒருவர் பாடசாலையில் இருந்தால் அது மறுநாளே பிள்ளையின் கைக்குத் திரும்பும். இல்லையெனில் அலுமாரிக்குட் போய்விடும். அலுமாரிக்குட் போனது வெளியே வருவது அரிது.

இது நோயுறுவது எதனால்? கீழே விழுவதாலன்று. விசிறியோ, சுழலும் வன்தட்டோ இதனுள் இல்லை. விசைப்பலகை முழுவதும் இறப்பர்த் தோலால் மூடப்பட்டது. தூசியும் நீர்த்துளியும் எளிதில் உட்புகா. காதுகளென்று நாம் கூறிய கொம்புகள் கம்பியில்லாத் தொடர்புக்கானவை. அவற்றை மடித்துவிட்டால் அவையே பக்கத்துத் துவாரங்களை மூடும் கதவுகளாகிவிடும். உடலால் இது உறுதியானது. நோய் வருவது உள்ளிருந்து. இதன் நிரந்தர நினைவகம் 1 கிகாபைட் மாத்திரமே. இன்றைய சாதாரணக் கைப்பேசியில் 64 கிகாபைட் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் சிறுமை விளங்கும். அந்த ஒரு கிகாபைட்டிலும் பெரும்பகுதியை லினக்ஸும், பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்ட 'சுகர்' என்னும் முகப்பும் எடுத்துக்கொள்கின்றன. எஞ்சிய இடத்திலேதான் பிள்ளையின் எழுத்து, சித்திரம், இசை எல்லாம் அடங்க வேண்டும். இதிலே புகைப்படக் கருவியும் உண்டு. கையிலே கமெராவைக் கொடுத்தால் பிள்ளை சும்மா இருக்குமா? ஆட்டுக்குட்டியைப் படம் பிடிக்கும். தங்கையைப் படம் பிடிக்கும். தன் கால்விரலையும் படம் பிடிக்கும். ஒருநாள் நினைவகம் விளிம்புவரை நிரம்பிவிடும். மறுநாட் காலை பொத்தானை அழுத்தினால், நடுவே மனித உருவும் சுற்றிலும் புள்ளிகளாலான வட்டமும் திரையில் தோன்றும். அதற்கப்பால் எதுவும் நிகழாது. எழுதி வைக்க ஓர் அங்குல இடமும் இல்லாத கணக்கப்பிள்ளை கடையைத் திறக்க மறுப்பது போன்ற நிலை அது.

இவ்வேளையில் அவசரப்பட்டுப் பென் டிரைவைத் தேடி ஓடலாகாது. பென் டிரைவ் மருத்துவம் கடைசி மருத்துவம். அதற்கு முன் செய்யத்தக்கவை சில உள. திரையின் வலப்புறத்தில் நான்கு சிறு பொத்தான்கள் இருப்பதைக் காணலாம். வட்டம், சதுரம், பெருக்கற்குறி, சரியென்னும் அடையாளம் ஆகியவை அவற்றின் மேற் பொறிக்கப்பட்டுள்ளன. விளையாட்டுக்கென வைக்கப்பட்ட இவை வைத்தியத்துக்கும் உதவுகின்றன. சரியடையாளப் பொத்தானை அழுத்தியபடி யந்திரத்தை முடுக்கினால், அழகிய புள்ளிவட்டத்துக்குப் பதிலாக, உள்ளே நடப்பனவெல்லாம் எழுத்து வரிகளாகத் திரையில் ஓடும்; எவ்வரியில் நிற்கின்றதோ அவ்விடத்திலே நோய் இருக்கின்றதென அறிந்துகொள்ளலாம். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பின்னர் கோளாறு தோன்றியிருந்தால், வட்டப் பொத்தானை அழுத்தியபடி முடுக்கினால், அதற்கு முன்னிருந்த பதிப்பு யந்திரத்தில் வைக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் அதிலிருந்து அது எழும். நினைவகம் நிரம்பியதே காரணமாயின், லினக்ஸ் கட்டளைகளில் சிறிது பயிற்சியுடைய ஒருவர் எழுத்துத்திரைக்குச் சென்று பெரிய ஒளிப்படக் கோப்புகள் இரண்டொன்றை நீக்கினாலே போதும். யந்திரம் கண் விழிக்கும். பிள்ளையின் மற்றைய செல்வங்கள் யாவும் தப்பிவிடும்.

இவை எவையும் பலிக்கவில்லையென்றால்தான் பென் டிரைவை எடுக்க வேண்டும். வேறொரு கணினியில் அதனை ஆயத்தஞ் செய்தல் அவசியம். இரண்டு கோப்புகளை, எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காது, பென் டிரைவின் முதற் தளத்திலேயே இடவேண்டும். ஒன்று பெரியது, முழு மென்பொருளையும் அச்சிலே வார்த்தெடுத்தது போன்ற பிரதி. 'இமேஜ்' என்று இதனைக் கூறுவர். மற்றையது மிகச் சிறியது. பெரிய கோப்பின் ஒவ்வொரு துண்டுக்குமுரிய அடையாள எண்ணையும், அதனை ஆக்கியோரின் இலக்க முறைக் கையொப்பத்தையும் தாங்கியது. இவ்விரண்டும் ஒரே பதிப்பினவாக இருத்தல் வேண்டும். ஒரு பதிப்பின் பெரிய கோப்பையும் இன்னொன்றின் சிறிய கோப்பையும் சேர்த்து வைத்தால் யந்திரம் ஏற்காது. பென் டிரைவ் 'பாட்' எனப்படும் சாதாரண வடிவத்தில் இருப்பது நன்று; வாங்கும்போது பெரும்பாலும் அவ்வாறே இருக்கும்.

அடுத்து, மின்கலத்தைப் பொருத்தி, மின்சார இணைப்பையும் கொடுக்க வேண்டும். பாதி வழியில் மின்சாரம் அறுந்தால் நோயாளியின் நிலை முன்னையினும் கெடும். பென் டிரைவைச் செருகி, முன்பு சொன்ன நான்கு பொத்தான்களையும் ஒருசேர அழுத்திக்கொண்டு, முடுக்கும் பொத்தானை அழுத்துக. ஒருவரின் இரு கைகள் இதற்குப் போதும். எனினும் சிறுவர் இருவர் சேர்ந்து செய்வதில் ஓர் உற்சாகமுண்டு. பொத்தான்களை விடும்படி திரையிலே எழுத்துத் தோன்றும்வரை விடலாகாது. அதன்பின் யந்திரம் சிறிய கோப்பிலுள்ள கையொப்பத்தைச் சோதிக்கின்றது. அது பொருந்தினால், திரை முழுவதும் ஆயிரக்கணக்கான சிறு கட்டங்கள் தோன்றும். ஒவ்வொரு கட்டமும் நினைவகத்தின் ஒரு துண்டு. பழையது அழிந்து புதியது எழுதப்பட, கட்டங்கள் வரிசை வரிசையாக நிறம் மாறிக்கொண்டே செல்லும். நீர் நிறைந்த வயலிலே நாற்று நடுவோர் வரிசை பிடித்து முன்னேறுவதைப் பார்த்திருப்போர்க்கு இக்காட்சி புதிதாய்த் தோன்றாது. சில நிமிடங்களில் வயல் முழுவதும் பச்சைப்பிடித்துவிடும். யந்திரம் தானே மீண்டும் எழும்.

எழுந்தவுடன் அது கேட்கும் முதற் கேள்வி, 'உன் பெயர் என்ன?' என்பதே. பெயரைக் கொடுத்தபின், திரையிலுள்ள மனித உருவுக்கு எந்த நிறம் வேண்டுமெனக் கேட்கும். பிள்ளை தனக்கு விருப்பமான நிறம் வரும்வரை அவ்வுருவைத் தட்டித் தட்டி மாற்றிக்கொள்ளலாம். பார்ப்பதற்கு இனியதே. ஆயினும் இக்கேள்வியின் பொருள் என்னவென்பதைப் பெரியவர்கள் உணர வேண்டும். நேற்றுவரை அந்தப் பிள்ளையோடு கூடியிருந்த யந்திரத்துக்கு இன்று அப்பிள்ளையை யாரென்று தெரியாது. அந்த நிறமாறுங் கட்டங்களிடையே ஆட்டுக்குட்டியும் போயிற்று, தங்கையும் போயிற்று, இரண்டாம் வகுப்பிலே எழுதிய முதற் கதையும் போயிற்று.

சுகர் முகப்பிலே கோப்புகளைச் சேமிக்கும்படி பிள்ளைக்கு யாரும் கற்பிப்பதில்லை. செய்வதெல்லாம் 'நாட்குறிப்பு' என்ற இடத்திலே, நாள்வாரியாகத் தானே பதிந்துகொள்ளும். சிறுவர்க்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடென்பதில் ஐயமில்லை. ஆனால் தானே சேர்வதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பாராததைப் பிரதி எடுப்பாரும் இல்லை. இதனை அறிந்தே, பாடசாலைச் சேவையகம் ஒன்றிருந்தால் அதனோடு பதிவு செய்யப்பட்ட யந்திரங்களின் நாட்குறிப்புகள் அங்கே பிரதியாகும்படி இயக்கத்தார் வகை செய்தனர். சேவையகம் இல்லாத இடத்தில், வெறும் பென் டிரைவ் ஒன்றைச் செருகி நாட்குறிப்புப் பக்கத்தைத் திறந்தால், கீழே அதன் சின்னம் தோன்றும். வேண்டிய பதிவை இழுத்து அதன்மேல் விட்டால் பிரதியாகிவிடும். வாரத்தில் ஒருநாட் பத்து நிமிடம் போதுமான வேலை இது. அறிவியற் கூடங்களும் விழாக்களும் பேசப்படும் அளவில் பத்திலொரு பங்கேனும் இந்தப் பத்து நிமிடம் பேசப்படுவதில்லை என்பது எமது குறை.

இன்னொன்றையும் கூறவேண்டும். களவைத் தடுப்பதற்கென்று சில நாடுகள் இவ்வியந்திரங்களுக்கு அனுமதிச் சீட்டுப் போன்றதோர் ஏற்பாட்டைச் செய்திருந்தன. உரிய அனுமதி இல்லையெனில் யந்திரம் இயங்காது. நினைவகத்தை முழுவதும் அழித்து எழுதும்போது அந்த அனுமதியும் அழிந்துபோகும். எனவே அவ்விடங்களில் மென்பொருளுக்கு ஒரு பென் டிரைவும், அனுமதிக்கு வேறொரு பென் டிரைவும் என இரண்டு தேவைப்பட்டன. களவாளியைத் தடுத்த பூட்டு, மலைக்கிராமத்து ஆசிரியரையும் சில வேளைகளிற் கதவுக்கு வெளியே நிறுத்தியது.

அதே 2007ஆம் ஆண்டிலே ஏசஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஈ பீ.சி. 701' என்ற சிறு லினக்ஸ் மடிக்கணினி வேறொரு வழியைக் கைக்கொண்டது. மூல மென்பொருள் ஒரு பகுதியில் எழுதவொண்ணாதபடி பூட்டப்பட்டிருக்கும். பாவிப்பவர் செய்யும் மாற்றங்கள் யாவும் இன்னொரு பகுதியில் எழுதப்படும். தேசப்படத்தின் மேல் மெல்லிய எண்ணெய்த்தாளை வைத்து அதன்மேற் கோடு கீறுவதை ஒத்தது இது. முடுக்கும்போது எஃப்-9 விசையை அழுத்தித் திரையில் தோன்றும் பட்டியலிலே பழைய நிலைக்குத் திரும்புவதைத் தெரிவு செய்தால், எண்ணெய்த்தாள் கழற்றி எறியப்படும். படம் புதிதுபோற் கிடக்கும். பென் டிரைவும் தேவையில்லை. மூலப்பகுதியே பழுதானால் மாத்திரம் பென் டிரைவைச் செருகி, எஸ்கேப் விசையை அழுத்தி, அதிலிருந்து முடுக்க வேண்டும். எளிமையிலே இது சிறந்தது. கீறிய கோடுகள் போவது மட்டும் இரண்டிலும் ஒன்றே.

வீட்டிலே இன்று வேறு ஏதேனும் லினக்ஸ் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர்க்கு இதைவிட நல்ல வாய்ப்பொன்று உண்டு. இக்காலத்து லினக்ஸ் பென் டிரைவுகளிற் பல, கணினியின் நினைவகத்தைத் தொடாது தாமே முழுமையாக இயங்கிக் காட்டக்கூடியவை. ஆகவே முடுங்காத கணினியைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, உள்ளேயிருக்கும் 'ஹோம்' என்ற கோப்புறையைத் திறந்து, குறிப்புகளையும் படங்களையும் இன்னொரு பென் டிரைவுக்குப் பிரதி செய்துகொள்ளுங்கள். திறந்து பார்த்துச் சரியென்று கண்டபின்னரே, 'நிறுவுக' என்ற பொத்தானை அழுத்துங்கள். பழைய 32 பிட் யந்திரம் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025இல் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பு அத்தகைய யந்திரங்களில் நிறுவுவதற்கான வகையை நிறுத்திவிட்டது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பில் அவ்வகை உண்டு. பழைய பதிப்பின் கோப்பு கிடைக்கும்போதே இரண்டு பென் டிரைவுகளில் எடுத்து, மேலே பெயரெழுதி வைத்துக்கொள்ளல் நலம்.

எக்ஸ்.ஓ. யந்திரத்தை அலுமாரியிலிருந்து இறக்கிச் செப்பனிட முனைவோர் முதலில் அதன் கடிகார மின்கலத்தைப் பார்க்கட்டும். தாய்ப்பலகையில் இருக்கும் அந்தச் சிறு வட்ட மின்கலம் செத்துப்போனால் யந்திரம் திகதியை மறந்துவிடும். களவுப்பூட்டுள்ள யந்திரமாயின், திகதி தவறென்று கூறி முடுங்கவே மறுக்கும். அப்பொழுது நான்கு பொத்தான்களையும் எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயனில்லை. திருகாணிகளைக் கழற்றித்தான் தீரவேண்டும்.