கிராமிய அறிவும் தகவல் தொழில்நுட்பமும்: வில்லியனூர், கொத்மலை அனுபவங்கள் பற்றிய ஒரு நோக்கு

கிராமிய சமூகங்களைப் பற்றிப் பேசுவோர் அவற்றை அறியாமையின் உறைவிடங்களாகக் கொண்டு, அறிவு நகரத்திலிருந்து கிராமத்திற்குக் கொண்டுசெல்லப்பட வேண்டியதொன்று என்று கருதுவது வழக்கம். இக்கருத்து மறுபரிசீலனைக்குரியது. வடபகுதிக் கடற்றொழிலாளர் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எனக் காற்றுக்களைப் பிரித்தறிந்து, அவற்றின் பருவத்திற்கேற்பத் தொழிலை வகுத்துக் கொள்கின்றனர். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் முதலிய நெல்லினங்களை விதைத்த விவசாயிகள் அவற்றிற்குரிய மண்ணையும் மழையையும் நன்கறிந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சோதித்துப் பெறப்பட்ட இத்தகைய அனுபவத் தொகுதியையே ஈண்டு உள்ளூர் அறிவு என நாம் குறிப்பிடுகின்றோம்.

இவ்வறிவின் வலிமை யாதோ அதுவே அதன் பலவீனமுமாகும். அது வாய்மொழியாக, தொழில் செய்யும் இடத்திலேயே கையளிக்கப்படுவது. தொழிலும் இடமும் பறிபோகுமிடத்து அறிவும் அறுந்துவிடுகின்றது. 2009 ஆம் ஆண்டுவரை நீடித்த போரும், அதன் விளைவான இடப்பெயர்வுகளும் எமது கிராமங்கள் பலவற்றில் இக்கையளிப்பைத் துண்டித்தன. எனவே, உள்ளூர் அறிவினைப் பேணவும் பகிரவும் தகவல் தொழில்நுட்பம் எவ்வகையிற் பயன்படலாம் என்பது எமக்கு வெறும் ஏட்டு வினாவன்று. இதற்கு விடை காணும் முகமாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் மேற்கொள்ளப்பட்ட இரு முயற்சிகளை நோக்குவோம். ஒன்று எமது மொழி வழங்கும் புதுச்சேரியிலும், மற்றையது எமது நாட்டின் மலையகத்திலும் நிகழ்ந்தவை.

வில்லியனூர் முயற்சி

சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 ஆம் ஆண்டில், கனடாவின் பன்னாட்டு அபிவிருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் உதவியுடன், புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு நிலையங்களை நிறுவத் தொடங்கியது. வில்லியனூர் இவற்றின் மையமாக அமைந்தது. தொலைபேசி இணைப்புக்கள் போதாதிருந்தமையால் மையமும் கிராமங்களும் கம்பியில்லாக் கருவிகளால் இணைக்கப்பட்டன. மின்தடையைச் சமாளிக்கச் சூரிய சக்தி பயன்படுத்தப்பட்டது. நிலையம் அமையும் இடம் சாதி வேறுபாடின்றி யாவரும் நுழையக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனையாக விதிக்கப்பட்டது. நிலையங்களை நடத்தியோருட் பெரும்பாலானோர் அவ்வக் கிராமங்களைச் சேர்ந்த பெண்களாவர்.

இந்நிலையங்கள் வழங்கிய செய்திகளின் இயல்பு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தானியங்களினதும் உரத்தினதும் விலை, பேருந்து நேரங்கள், மருத்துவமனை பற்றிய விபரங்கள், அரசாங்க உதவித் திட்டங்கள், அவற்றிற்கு உரித்துடையோர் யாவர் என்பன போன்றவையே அவற்றுள் மிகுதி. உலகளாவிய வலையிலிருந்து நேரே பெறப்பட்டவை சிறுபகுதியே. ஏனையவை சுற்றுப்புறத்திலேயே திரட்டப்பட்டவை. வறுமைக் கோட்டின்கீழ் உள்ளோர் பட்டியலை ஊரவர் தாமே பார்வையிட முடிந்தபோது, அதுவரை இடைத்தரகரிடமும் அலுவலரிடமும் முடங்கிக்கிடந்த செய்தி பொதுச்சொத்தாயிற்று. அறிவுப் பகிர்வு அதிகாரப் பகிர்வோடு தொடர்புடையது என்பதற்கு இஃதொரு சான்று.

மீனவ கிராமமாகிய வீராம்பட்டினத்தில் நிகழ்ந்தது இன்னும் சிறப்பானது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலையுயர முன்னறிவிப்பு வில்லியனூரிற் பெறப்பட்டு, தமிழில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, கிராமத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு அது ஒலிபெருக்கி மூலம் கரையெங்கும் கேட்கச் செய்யப்பட்டது. எழுத்தறியாதவரும் கணினியைத் தொட்டறியாதவரும் அதனாற் பயன்பெற்றனர். கணினிக்கும் மீனவனுக்கும் இடையே ஊரவர் ஒருவரின் குரல் நின்றது. அந்தக் குரலே இம்முயற்சியின் உயிர்நாடி எனலாம்.

நல்லவாடும் எமது கரையும்

இக்கூற்றின் உண்மை 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி புலனாயிற்று. அன்று காலை சிங்கப்பூரில் தொழில் புரிந்த நல்லவாடு கிராமத்தவர் ஒருவர் ஆழிப்பேரலை பற்றிய செய்தியை அறிந்து, தமது ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். ஊரவர் அறிவு நிலையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு அகன்றனர். ஏறத்தாழ 150 வீடுகளும் 200 படகுகளும் அழிந்தன. ஏறத்தாழ 500 குடும்பங்களைக் கொண்ட அக்கிராமத்தவர் உயிர் தப்பினர்.

அவ்வெச்சரிக்கை கணினி வழியாக வந்ததன்று என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். வந்தது தொலைபேசியில், பரவியது ஒலிபெருக்கியில். ஆயின் அந்த ஒலிபெருக்கி நாள்தோறும் கடலைப் பற்றிப் பேசிப் பழகியது. அது சொல்வதை நம்பலாம் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியிருந்தது. நெருக்கடி வேளையில் மக்கள் ஐயுறாது எழுந்து ஓடியமைக்கு இந்நம்பிக்கை பெரிதும் உதவியிருத்தல் வேண்டும். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் எமது கிழக்குக் கரையை அலை தாக்கியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியால அவகாசம் இருந்தது. வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அவ்வாறு எழுந்து ஒலிக்க ஒரு பொதுக்குரல் இருக்கவில்லை. இலங்கையில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கொத்மலை முயற்சி

இலங்கையின் கொத்மலைச் சமுதாய வானொலி 1989 ஆம் ஆண்டில் மகாவலித் திட்டப் பின்னணியில் தோன்றியது. யுனெஸ்கோவின் ஆதரவுடன் அந்நிலையம் பின்னர் இணையத்தோடு இணைக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் இம்முயற்சி ஒலிபரப்பு வடிவம் பெற்றது. நேயர்கள் தமக்கு வேண்டிய விடயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்புவர். அறிவிப்பாளர் அவற்றை இணையத்தில் தேடி, மருத்துவர் போன்ற துறைசார்ந்தோரையும் உடனிருத்தி, கேட்போருக்குப் புரியும் மொழியில் விளக்குவர். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. ஒரு கணினியைக் கொண்டு ஒரு பிரதேசத்தையே இணையத்தோடு தொடர்புபடுத்திய இம்முறை வறிய நாடுகளுக்கு ஏற்றதென உலகின் கவனத்தை ஈர்த்தது.

எனினும், நிலையத்தின் ஒலிபரப்புப் பெரும்பாலும் சிங்களத்திலேயே அமைந்தது. சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் இவ்வுரையாடலில் எந்தளவுக்குப் பங்குகொள்ள இயலும் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. புதுச்சேரியில் நிலையத்தின் வாசல் யாவர்க்கும் திறந்திருத்தல் நிபந்தனையாயிற்று. கொத்மலையில் மொழியே வாசலாக நின்றது. வாசல் எதுவாயினும், அது எவர்க்குத் திறந்திருக்கின்றது என்பதே ஆராயத்தக்கது.

உரிமைப் பிரச்சினை

பகிர்வு எனும்போது உரிமைப் பிரச்சினையையும் நாம் தவிர்க்க இயலாது. காயங்களை ஆற்றும் மஞ்சளின் பயன் எமது அடுக்களைகளில் யாவரும் அறிந்தது. அதற்கு 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் எழுத்துச் சான்றுகளைக் காட்டி வழக்காடியதன் பயனாக 1997 ஆம் ஆண்டில் அது இரத்தாயிற்று. இதன்பின் 2001 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியப் பாரம்பரிய அறிவு எண்ணிம நூலகம், சித்த மருத்துவ நூல்கள் உட்பட்ட ஏடுகளைப் பிறமொழிகளில் பெயர்த்துக் காப்புரிமைப் பரிசோதகர்க்கு அளித்து வருகின்றது. ஆயின் அது நூலேறிய அறிவுக்கே அரணாகும். ஏட்டில் எழுதப்படாது ஊர்ப் பெரியவரின் நினைவில் மட்டும் வாழும் அறிவுக்கு அத்தகைய அரண் இல்லை. எனவே பதிவு செய்தல் இன்றியமையாதது. யாருடைய பெயரால், யாருடைய இசைவுடன் பதிவு செய்கின்றோம் என்பதும் அதேயளவு இன்றியமையாதது.

எமது கடமை

மேற்கூறியவற்றிலிருந்து ஓருண்மை தெளிவாகின்றது. தொழில்நுட்பம் அறிவைப் பகிர்வதில்லை, மனிதரே பகிர்கின்றனர். ஊரின் சொல்லில், ஊரவரின் குரலில், யாவரும் நுழையத்தக்க இடத்தில், நாள்தோறும் பயன்படுமாறு அமையுமிடத்தே கருவி பயனளிக்கின்றது. தென்மேற்குக் காற்று எனும் அறிவிப்புச் சோளகம் என்று பெயர்க்கப்படாதவரை அது கரையைச் சென்றடையாது. ஏக்கர்க் கணக்கிற் கூறப்படும் உர அளவு, பரப்புக் கணக்கிற் சிந்திக்கும் யாழ்ப்பாண விவசாயிக்கு அந்நியமானதே. ஏறத்தாழ 16 பரப்பு ஓர் ஏக்கர் எனக் கணித்துக் கூறுவதற்கு இடையில் ஒருவர் வேண்டும்.

இன்று கைத்தொலைபேசி குடிசைதோறும் புகுந்துவிட்டது. குரலைப் பதியவும் அனுப்பவும் தனிநிலையம் வேண்டியதில்லை. 2005 ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணி வருகின்றது. கருவிக்கும் களஞ்சியத்திற்கும் குறைவில்லை. குறைவாயிருப்பது இடையில் நிற்கும் மனிதரே. பல்கலைக்கழக மாணவராகிய எம்மிற் பலர் கிராமங்களிலிருந்தே வந்தவர்கள். ஆய்வேடு எழுதும்பொருட்டு ஊர்ப் பெரியவர்களிடம் செய்தி திரட்டுகின்றோம். பட்டம் பெற்றபின் ஏட்டைப் பல்கலைக்கழக நூலகத்தில் விட்டுவிடுகின்றோம். திரட்டியதை அவர்தம் பெயரோடும் இசைவோடும் பதிந்து, அதே ஊரின் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கடற்றொழிலாளர் சங்கத்திற்கும் மீளக் கையளித்தல் எம்மால் இயலாததன்று. கிராமத்திடமிருந்து பெற்றதைக் கிராமத்திற்குத் திருப்பிக் கொடாதவரை, நாம் செய்வது அறிவுப் பகிர்வு ஆகாது.