எது என் பாரம்?

கிறிஸ்துவுக்குள் பிரியமான தாங்கும் குடும்பத்தாருக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் நமது மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரியின் அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

பக்கவாதத்தால் படுத்துவிட்ட ஒரு வயதான தாயாருக்கு அவருடைய மருமகள் துணையாக இருந்தார். இரவும் பகலும் அவர் ஒருவரே. புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி வாங்கி வருவது, வராத உறவினர்களுக்கு ஃபோனில் விவரம் சொல்வது என எல்லாம் அவர் தலையில்தான். நான் மாலைதோறும் போய் ஜெபித்துவிட்டு, "அம்மா, நீங்கள் இந்தக் காலத்து ரூத்" என்று பாராட்டிவிட்டு வருவேன். பதினெட்டாம் நாள் அந்தச் சகோதரி வராந்தாவில் மயங்கி விழுந்தார். தமக்குள்ள சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டே இரண்டு வாரமாகியிருந்தது. மறுநாள் கட்டிலில் படுத்தபடியே என்னிடம் சொன்னார்: "ஐயா, நீங்க ரூத்துன்னு சொன்ன பிறகு, 'என்னால முடியல'ன்னு யார்கிட்டயும் சொல்ல வாய் வரல."

நோயாளிக்காக ஜெபித்தேன், அவருக்குப் பக்கத்தில் நின்றவரை நான் பார்க்கவில்லை. என் பாராட்டே அவருக்கு இன்னொரு சுமையாகிவிட்டது. அன்றைக்குத்தான் கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன்.

அங்கே 2ஆம் வசனத்தில் பவுல் அப்போஸ்தலர், பிறருடைய பாரத்தைச் சுமக்கச் சொல்லுகிறார். 5ஆம் வசனத்திலோ, ஒவ்வொருவனும் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்கிறார். நமது தமிழ் வேதாகமத்தில் இரண்டு இடத்திலும் 'பாரம்' என்ற ஒரே சொல்தான். ஆனால் மூலமொழியாகிய கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு. முதலாவது 'பாரோஸ்', ஒருவரை அழுத்தி நசுக்கும் பெரும்பளு. அதைத் தனியே சுமக்க முடியாது. கூடிச் சுமக்க வேண்டும். இரண்டாவது 'ஃபோர்ட்டியோன்', அவரவருக்கென்று அளந்து கொடுக்கப்பட்ட சுமை. தம்முடைய சுமை இலகுவானது என்று மத்தேயு 11:30இல் ஆண்டவர் சொல்லுவதும் இந்தச் சொல்லைக் கொண்டே.

நம்முடைய குழப்பம் இங்கேதான். பலர் சேர்ந்து தூக்க வேண்டியதை ஒருவர் தலையில் வைத்துவிடுகிறோம். அவர்களே செய்யக்கூடியதையும் நாமே இழுத்துப் போட்டுக்கொள்ளுகிறோம். இதற்குத் தியாகம் என்று பெயரும் வைக்கிறோம்.

அப்படியானால் எதைச் சுமப்பது, எதை விடுவது என்று எப்படித் தீர்மானிப்பது? மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். கப்பர்நகூமில் வியாதியஸ்தர் திரண்டு வருகிறார்கள். ஆண்டவர் விடியுமுன் எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்களே என்கிறான். ஆண்டவரோ, அடுத்த ஊர்களிலும் பிரசங்கிக்க வேண்டும், அதற்காகவே வந்தேன் என்று புறப்பட்டுவிடுகிறார். அவருக்கு அன்பு குறைவா? இல்லை. தாம் எதற்காக வந்தோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆகவே அத்தனை பேர் அழைத்தபோதும் அவரால் மறுக்க முடிந்தது.

நமக்கு முக்கியமானது எது என்று தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்றும் தெரியும். எல்லை என்றதும் பலருக்கு மதில் சுவர் நினைவுக்கு வருகிறது. நான் வயல் வரப்பைத்தான் நினைக்கிறேன். வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்காது. பயிரும் காயும், பக்கத்து வயலுக்கும் பிரயோஜனமில்லை. வரப்பு கட்டி மடையும் வைத்தால், தன் பயிருக்கும் தண்ணீர் நிற்கும், அடுத்த வயலுக்கும் அளவாகப் பாயும்.

அந்தச் சகோதரி எழுந்து உட்கார்ந்த பின், "அம்மா, இதில் உங்களுக்கு உண்மையிலேயே முக்கியமானது என்ன?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துச் சொன்னார்: "அத்தை சுத்தமா, மரியாதையா இருக்கணும். பத்தாவது படிக்கிற என் மகள் படிப்பு கெடக்கூடாது." மற்றவை? "ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்து செய்ததுதான் ஐயா."

பிறகு அவர் கணவரையும் கொழுந்தனாரையும் அழைத்துப் பேசினோம். "ஆம்பிளைங்களுக்கு இது வராதுங்க" என்றார்கள். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்று நமது நர்ஸம்மா ஒரே நாளில் கற்றுக்கொடுத்தார். இரவுகள் சகோதரர் இருவருக்கும் முறை வைத்துப் பிரிந்தன. பார்க்க வருவோருக்கு மாலை ஒரு மணி நேரம் மட்டும். இதனால் வருத்தப்பட்ட உறவினரும் உண்டு. ஒரு பெரியம்மா பல மாதம் பேசவில்லை. எல்லை வைப்பதற்கு ஒரு விலை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தாயார் வீடு திரும்பி, கடைசி வரை ஒரு புண்ணும் இல்லாமல் கவனிக்கப்பட்டார். மருமகளும் முகம் கோணாமல் கவனித்தார்.

உங்கள் வீட்டிலும் நோயாளியோ, முதியவரோ, மனநலம் குன்றியவரோ இருக்கலாம். சபைப் பொறுப்புகளும் இருக்கலாம். இவற்றைச் செய்து பாருங்கள்:

1. உங்களுக்கு மிக முக்கியமான இரண்டு மூன்று காரியங்களை ஒரு தாளில் எழுதி, ஜெபத்தில் வையுங்கள்.

2. இந்த வாரம் செய்த வேலைகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள். அன்பினால் செய்தது எது, பயத்தினால் செய்தது எது என்று குறியுங்கள்.

3. மறுக்க வேண்டியதைச் சண்டையில்லாமல் சுருக்கமாக மறுங்கள். "இன்று முடியாது அக்கா, சனிக்கிழமை வருகிறேன்" என்றால் போதும். பொய்க் காரணம் தேவையில்லை.

4. உங்கள் மருந்து, சாப்பாடு, தூக்கம் மூன்றையும் நோயாளியின் மருந்துச்சீட்டைப் போலவே கருதுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா மனச்சோர்வும் எல்லை வைத்தால் தீர்ந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கமின்மை, பசியின்மை நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்ட எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார், தூதனைக்கொண்டு இருமுறை ஆகாரம் கொடுத்தார், பின்பு துணைக்கு எலிசாவையும் தந்தார் (1 இராஜாக்கள் 19).

உங்கள் காணிக்கைகளால் இன்று வார்டுக்குப் பின்புறம், துணைக்கு இருப்போர் முறை மாற்றிப் படுத்துறங்க ஒரு சிறு கூடம் இருக்கிறது. அந்தச் சகோதரி மயங்கி விழுந்த நாளில் அது இல்லை. தேவனுக்கு ஸ்தோத்திரம், உங்களுக்கு நன்றி.

கடைசியாக, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விசனத்தோடும் கட்டாயத்தின்பேரிலும் கொடுக்க வேண்டாம் என்பது வேதத்தின் போதனை (2 கொரிந்தியர் 9:7). பிள்ளைகளின் கல்விக் கட்டணமோ வீட்டு வைத்தியச் செலவோ நெருக்கும் மாதத்தில், "இம்முறை முடியாது ஐயா" என்று எங்களுக்கும் எழுதலாம். அந்தக் கடிதத்தையும் அன்போடு வாசிப்போம். உங்களுக்காக அதே வார்டில் ஜெபிப்போம்.

ஜெபத்தில் தாங்குங்கள்: நோயாளிகளுக்காக, அவர்கள் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருப்போருக்காக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்