குடவோலையும் அரசியற் கல்வியும்

அரசியல் நூலைப் பட்டப் படிப்பாகக் கொள்ளும் மாணவரை நோக்கி, “இதனால் ஆவதென்ன?” என்று வினவுவார் பலர். தேர்தலில் நிற்பார்க்கன்றிப் பிறர்க்கு இஃது எற்றுக்கு என்பாரும் உளர். நம் காஞ்சிக்கு அணித்தேயுள்ள உத்திரமேரூரின் கல்வெட்டுக்கள் இவ்வினாவிற்குத் தக்க விடை பகரும் என்பது நம் துணிபு.

முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கல்லிற் பொறித்து வைத்தனர். ஊர் 30 குடும்புகளாக வகுக்கப்பட்டது. தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதுமறியாப் பாலன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். இங்ஙனம் சம்வத்சர வாரியத்திற்கு 12 பேரும், தோட்ட வாரியத்திற்கு 12 பேரும், ஏரி வாரியத்திற்கு 6 பேரும் அமைந்தனர். இரண்டாங் கல்வெட்டின்படி, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும், வேதக் கல்வியும் வேண்டப்பட்டன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவற்றை அறிதல் தொடக்கமே. இவற்றின்மேல் வினா எழுப்புதலே அரசியற் கல்வியாம். 919-இல் 30-க்கு மேல் 60-க்குட்பட்டதாயிருந்த வயது வரம்பு ஈராண்டில் மாறியது ஏன்? விதிகள் ஆள்வோரைக் கட்டுப்படுத்துமா, அன்றி அவர்க்கே துணையாகுமா? தேர்தலினும் குலுக்கல் நேரியதா? பண்டை ஏதென்ஸ் நகரத்தாரும் பல பதவிகளைக் குலுக்கலால் நிரப்பினர். குலுக்கல் மக்களாட்சிக்கும், தேர்தல் சிலராட்சிக்கும் உரியனவாகக் கருதப்பட்டமையை அரிஸ்டாட்டில் குறித்துள்ளார். எல்லாவற்றினும் பெரிய வினா, குடத்தில் யார் பெயர் இல்லை என்பதே. அஃது அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமில்லா உழவரும், கைத்தொழில் செய்வாரும், பெண்டிரும் அதன்கண் இடம் பெற்றிலர். ஆதலின் அதனைப் போற்றுவார் அளந்தறிந்து போற்றுதல் வேண்டும்.

அவ்விலக்குக்கள் நீங்கிய வரலாறும் இப்பாடத்தின் பகுதியே. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பொருளும் குலமும் பாராது வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளித்தது. 1989-இல் வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18 ஆயிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாத இடத்தைப் பெண்டிர்க்கு ஒதுக்கியது; 2016-இல் தமிழ்நாடு அதனைப் பாதியாக உயர்த்தியது.

இப்படிப்புத் தனியொரு தொழிலுக்கு நேரே கொண்டு செலுத்துவதன்று. இதனை மறைத்தல் நேர்மையாகாது. சட்டம், ஆட்சிப்பணி, பத்திரிகை, ஆசிரியத் தொழில் ஆகியவற்றிற்கு இது நல்ல அடிப்படையாம். அவ்வொவ்வொன்றிற்கும் மேற்பயிற்சி வேண்டும். காஞ்சியில் நெசவாளர் குடியிற் பிறந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்ற அண்ணாதுரை, 1967-இல் மாநிலத்தின் முதலமைச்சரானார். எல்லோரும் அந்நிலை எய்துதல் இயலாது, எய்தவும் வேண்டுவதில்லை. கிராம சபையிலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் வரவு செலவுக் கணக்கைப் படித்தறிந்து, அஞ்சாது எழுந்து வினவ வல்லார் ஊர்தோறும் ஒருசிலர் வேண்டும். கணக்குக் காட்டாதானை விலக்குக என்று ஆயிரத்தெச்சம் ஆண்டுகட்கு முன் கல்லில் எழுதிய மண்ணில், அங்ஙனம் வினவும் ஆற்றலை நம் மாணவர்க்கு அளிக்குமாயின், இப்படிப்பு பயனுடைத்தென்றே கூறுவோம்.